விண்கல்லுக்குள் இருக்கும் காண்ட்ரூல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்பாலான விண்கற்களை அறுத்துப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். அவைதான் காண்ட்ரூல்கள். அவை எப்படி உருவாயின என்ற கேள்வி ஒன்றரை நூற்றாண்டாகத் தீராமல் இருக்கிறது. விண்கற்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நேரமில்லை என்றால் வயதைப் பற்றிய இரண்டு கேள்விகளையாவது படித்துவிடுங்கள். மற்ற பதில்களுக்கெல்லாம் அவைதான் அடிப்படை.

காண்ட்ரூல் என்பது சரியாக என்ன?

ஒரு காலத்தில் விண்வெளியில் உருகிய துளியாக மிதந்து, பிறகு இறுகிப்போன கல் உருண்டை. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். ஆலிவின், பைராக்சின் என்ற இரண்டு கனிமங்களும், அவற்றின் இடைவெளிகளை நிரப்பிய கண்ணாடியும், கொஞ்சம் இரும்பு-நிக்கல் உலோகமும், இரும்பு சல்பைடும் அதில் இருக்கும். உருண்டைகளுக்கு நடுவே மாவுபோல நுண்ணிய தூசு அடைந்திருக்கும். அதை மாட்ரிக்ஸ் என்பார்கள்.

இந்த மாட்ரிக்ஸ்தான் முதல் ஆச்சரியம். நம் சூரியன் பிறப்பதற்கு முன்பே வேறு விண்மீன்களில் உருவான சிலிக்கன் கார்பைடு துகள்களும் நுண்வைரங்களும் அதில் அழியாமல் கிடக்கின்றன. உருகி வழிந்த துளியும் பெருஞ்சூட்டையே பார்க்காத தூசும் ஒரே கல்லில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சூரியக் குடும்பம் பிறந்த அந்த வாயு-தூசு வட்டு முழுவதும் உருகிவிடவில்லை, அங்கங்கே மட்டும் உருகியிருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது.

எல்லா விண்கற்களிலும் இருக்குமா?

இருக்காது. காண்ட்ரைட் என்ற வகையில்தான் இருக்கும். ஆனால் விழுவதைப் பார்த்து எடுத்த விண்கற்களில் நூற்றுக்கு 85-க்கு மேல் காண்ட்ரைட்டுகளே. சாதாரண காண்ட்ரைட் எனப்படும் பிரிவில் கல்லின் 60 முதல் 80 சதவீதம் வரை காண்ட்ரூல்தான். மாறாக, 1864-இல் பிரான்சில் விழுந்த ஓர்கேய் போன்ற சிஐ வகைக் கற்களில் அனேகமாக இல்லவே இல்லை (‘சி’ என்று தொடங்கும் வகைகள் எல்லாம் கார்பன் காண்ட்ரைட் என்ற பிரிவைச் சேர்ந்தவை). இருந்தும் வேதி அமைப்பை வைத்து அவற்றையும் காண்ட்ரைட் என்றே வகைப்படுத்துகிறார்கள்.

ஒவ்வொரு பிரிவிலும் உருண்டைகளின் அளவு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சிஓ வகையில் 0.15 மில்லிமீட்டர் அளவு, சிவி வகையில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி. ஏதோ ஒன்று சலித்துப் பிரித்திருக்கிறது. வாயுச் சுழல்கள் அந்த வேலையைச் செய்திருக்கலாம்.

உருகிய துளிகள்தான் என்று எப்படித் தெரியும்?

கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். இந்த முறையைப் பாறையியலுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி. 1877-இல் அவர் இந்த உருண்டைகளை ‘நெருப்பு மழையின் துளிகள்’ என்று வர்ணித்தார். அவர் கண்ட அடையாளங்கள் இன்றும் செல்லும்: பரப்பு இழுவிசையால் வந்த உருண்டை வடிவம், உள்ளே கண்ணாடி, விளிம்பிலிருந்து உள்நோக்கி வளர்ந்த படிகங்கள்.

படிகங்களின் அமைப்பை வைத்து மேலும் சொல்லலாம். சில காண்ட்ரூல்களில் ஆலிவின் பட்டை பட்டையாக, ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். சிலவற்றில் பைராக்சின் ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல் விரியும். இரண்டும் முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ உருகிய துளிகள். ஆனால் சாதாரண காண்ட்ரைட்டுகளில் பத்துக்கு எட்டு, கண்ணாடிக்குள் பெரிய படிகங்கள் மிதக்கிற ரகம். அந்த ரகம் வரவேண்டுமென்றால் துளி முழுக்க உருகியிருக்கக் கூடாது. படிகம் வளரப் பிடிமானமாகக் கொஞ்சம் திடத்துகள் மிஞ்சியிருக்க வேண்டும். சிலவற்றுக்குள் முந்தைய தலைமுறைக் காண்ட்ரூலின் உடைந்த துண்டுகூட உருகாமல் இருக்கிறது. அதாவது ஒரே பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சூடாகியிருக்கிறது.

எவ்வளவு சூடு? எவ்வளவு நேரம்?

உச்ச வெப்பநிலை சுமார் 1,500 முதல் 1,800 டிகிரி செல்சியஸ். ஆய்வக உலைகளில் அதே கலவையை உருக்கி, வெவ்வேறு வேகத்தில் ஆறவைத்து, எந்த வேகத்தில் எந்த அமைப்பு வருகிறது என்று ஒப்பிட்டுத்தான் மீதியைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான காண்ட்ரூல்களுக்கு மணிக்கு 10 முதல் 1,000 டிகிரி என்ற வேகம் பொருந்துகிறது. பட்டை வகைக்கு இன்னும் கொஞ்சம் வேகம். உச்சச் சூட்டில் இருந்தது சில நிமிடங்கள்தான் என்றும் கணிக்கிறார்கள். சூடாவதற்கு முன் அந்தத் தூசு குளிர்ந்தே இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கந்தகம் முன்பே ஆவியாகிப் போயிருக்கும்.

இந்த எண்களை வெறும் விவரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெற்றிடத்தில் தனியாக மிதக்கும் ஒரு மில்லிமீட்டர் துளி தன் சூட்டைக் கதிர்வீச்சாக இழந்து சில விநாடிகளில் உறைந்துவிடும். காண்ட்ரூல்களுக்கோ மணிக்கணக்கில், சிலவற்றுக்கு நாள்கணக்கில் ஆகியிருக்கிறது. அடுப்பிலிருந்து தனியே எடுத்துப் போட்ட கங்கு சட்டென்று அணைந்துவிடும், குவியலில் கிடந்தால் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். காண்ட்ரூல்களும் தனித்தனியாக உருகவில்லை, பெருங்கூட்டமாகத்தான் உருகியிருக்கின்றன.

கூட்டமாக உருகியதற்கு வேறு சான்று உண்டா?

உண்டு, இரண்டு. முதலாவது, இளகிய நிலையில் மோதி ஒட்டிக்கொண்ட இரட்டைக் காண்ட்ரூல்கள். நூற்றில் ஒரு சில இப்படி இருக்கின்றன. துளிகள் வெகு தூரம் விலகியிருந்தால் அவை இறுகுவதற்குள் சந்தித்திருக்க முடியாது.

இரண்டாவது சோடியம். குறைந்த அழுத்தத்தில் அந்தச் சூட்டில் சோடியம் வேகமாக ஆவியாகிவிடும். ஆனால் வாஷிங்டனில் உள்ள கார்னெகி நிறுவனத்தின் கோனல் அலெக்சாண்டர் குழு 2008-இல் செமர்கோனா விண்கல்லின் காண்ட்ரூல்களை ஆராய்ந்தபோது, முதலில் படிகமான ஆலிவினின் நடுப்பகுதியிலேயே சோடியம் இருந்தது. துளி உருகியே இருந்தபோதும் சோடியம் வெளியேறவில்லை என்றால், சுற்றிலும் ஏற்கெனவே சோடியம் ஆவி நிறைந்திருக்க வேண்டும். அதற்குத் தேவையான தூசின் அடர்த்தி, வட்டில் சாதாரணமாக எதிர்பார்ப்பதைவிட மிகமிக அதிகம். அந்தத் தூசுக் கூட்டம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி ஒரு சிறுகோளாகத் திரளக்கூடிய அளவுக்கு அடர்த்தி. உருகுவதும் திரள்வதும் அடுத்தடுத்து நடந்திருக்குமோ என்ற எண்ணத்துக்கு வலு சேர்த்த ஆய்வு இது.

வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று யுரேனியம் சிதைந்து ஈயமாவது. அது நேரடியாக வயதைத் தரும். இன்னொன்று அலுமினியம்-26. இது சுமார் 7 லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து மக்னீசியம்-26 ஆகிவிடும். இப்போது துளிகூட மிச்சமில்லை. ஆனால் ஒரு கனிமத்தில் மக்னீசியம்-26 எவ்வளவு மிகையாக இருக்கிறது என்று அளந்தால், அது படிகமானபோது அலுமினியம்-26 எவ்வளவு மீதமிருந்தது என்று தெரியும். இந்தியாவில் அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்தில் ஜே. என். கோஸ்வாமியும் அவரது சகாக்களும் இந்த அளவீடுகளில் நெடுங்காலம் உழைத்தார்கள்.

தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்வது, காண்ட்ரைட்டுகளில் வெள்ளையாகத் தெரியும் கால்சியம்-அலுமினியக் குறுணைகளை. 1969 பிப்ரவரி 8-இல் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் விழுந்த அயெண்டே விண்கல்லில் இவை ஏராளம். சூரியக் குடும்பத்தில் இதுவரை வயது கணக்கிட்ட திடப்பொருள்களில் மிகப் பழையவை இவைதான். வயது 456.7 கோடி ஆண்டுகள்.

அலுமினியக் கடிகாரத்தின்படி, பெரும்பாலான காண்ட்ரூல்கள் இந்தக் குறுணைகளுக்கு 20 முதல் 30 லட்சம் ஆண்டுகள் கழித்து வந்தவை. ஈயக் கடிகாரம் வேறு மாதிரி சொல்கிறது. கோபன்ஹேகன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட அளவீடுகளில் சில காண்ட்ரூல்கள் குறுணைகளோடு சம வயது, சில 30 லட்சம் ஆண்டு இளையவை. அலுமினியம்-26 வட்டு முழுவதும் சமமாகப் பரவியிருந்ததா என்பதில்தான் சண்டை. ஒரே காண்ட்ரூல் பல முறை சூடாகியிருந்தால், ஒரு கடிகாரம் முதல் உருக்கத்தையும் இன்னொன்று கடைசி உருக்கத்தையும் காட்டவும் வாய்ப்புண்டு. கடைசி உருக்கம் தாமதமாகத்தான் நடந்தது என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. காரணம் அடுத்த பதிலில்.

“கோள்களைக் கட்டிய முதல் செங்கற்கள்” என்று பல இடங்களில் படித்தேனே, அது சரியா?

இந்த வாக்கியம் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ‘முதல்’ என்ற சொல் தவறு.

இரும்பு விண்கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை உருகிப் பிரிந்துபோன சிறுகோள்களின் உள்ளகத் துண்டுகள். ஹாஃப்னியம் சிதைந்து டங்ஸ்டனாவதை அளக்கும் இன்னொரு கடிகாரம் வைத்துப் பார்த்தால், அந்தச் சிறுகோள்களில் பல, குறுணைகள் தோன்றிய 10 லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே திரண்டுவிட்டன. அதாவது இன்று நாம் காண்ட்ரைட்டில் பார்க்கும் காண்ட்ரூல்களில் பெரும்பாலானவை இறுகுவதற்கு முன்பே சிறுகோள்கள் இருந்தன, உருகின, இரும்பு உள்ளகமும் உண்டாயிற்று.

ஏன் அவை உருகின? அதே அலுமினியம்-26 தான். சிதையும்போது அது வெப்பம் தருகிறது. சீக்கிரம் திரண்ட சிறுகோளில் அது நிறைய இருந்தது, உள்ளேயிருந்தே உருக்கிவிட்டது. அதில் காண்ட்ரூல் இருந்திருந்தாலும் அடையாளமின்றிக் கரைந்திருக்கும். 20 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் திரண்டவற்றில் எட்டில் ஒரு பங்கு அளவுதான் மிச்சம். வெந்தன, ஆனால் உருகவில்லை. நம் கைக்கு வரும் காண்ட்ரூல்கள் அந்தத் தாமதத்தால் பிழைத்தவை. அவற்றை வைத்துச் சூரியக் குடும்பத்தின் தொடக்கத்தைப் பேசும்போது, பிழைத்தவர்களின் சாட்சியத்தை மட்டும்தான் கேட்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

சரி, இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது?

இதுதான் தீராத கேள்வி. முன்னணியில் இருப்பவை இரண்டு வகை விளக்கங்கள்.

முதல் வகை, வாயுவில் பாய்ந்த அதிர்ச்சி அலை. ஒலியைவிட வேகமாக, விநாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் அலைமுகம் வட்டின் ஊடாகப் போனால், வாயு ஒரேயடியாக அழுந்திச் சூடாகிறது. தூசு உருண்டைகள் அந்த வாயுவோடு உராய்ந்து நிமிடங்களில் உருகுகின்றன. அப்புறம் சுற்றியுள்ள சூடான வாயுவும் அண்டைத் துளிகளும் சேர்ந்து மெதுவாக ஆறவிடுகின்றன. ஆறும் வேகம் அழகாகப் பொருந்தும். அலையை எழுப்பியது எது என்றுதான் அடுத்த கேள்வி. வியாழனின் ஈர்ப்பு ஒரு வாய்ப்பு. நீள்வட்டப் பாதையில் வாயுவைக் கிழித்துக்கொண்டு போன பெரிய சிறுகோள்கள் இன்னொரு வாய்ப்பு.

இரண்டாவது வகை, சிறுகோள்களின் மோதல். இதிலும் பல கிளைகள். உள்ளே ஏற்கெனவே உருகியிருந்த இரண்டு சிறுகோள்கள் மெதுவாக மோதினாலே எரிகுழம்பு சிதறித் துளிமேகமாகும். உருகாதவை என்றால் வேகம் வேண்டும். விநாடிக்கு 2.5 கிலோமீட்டரைத் தாண்டினால் மோதும் புள்ளியிலிருந்து உருகிய பொருள் பீய்ச்சி அடிக்கும் என்று 2015-இல் பிராண்டன் ஜான்சன் குழு கணினிக் கணக்கு போட்டுக் காட்டியது. அடர்த்தியான துளிக் கூட்டம், சோடியம் நிலைத்தது, தாமதமான வயது ஆகிய மூன்றுக்கும் மோதல் எளிதாக விடை தருகிறது.

ஆனால் மோதலுக்கு எதிரான சான்றும் பலமானது. ஏற்கெனவே உருகிய சிறுகோளிலிருந்து சிதறியிருந்தால், உலோகம் உள்ளகத்துக்குப் போய்விட்ட பாறையின் வேதி அமைப்பு காண்ட்ரூலில் தெரிய வேண்டும். அப்படித் தெரியவில்லை. மேலும், சில காண்ட்ரைட்டுகளில் காண்ட்ரூலில் மக்னீசியம் கூடுதல், மாட்ரிக்ஸில் சிலிக்கன் கூடுதல். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் சூரியனில் உள்ள விகிதம் வருகிறது. ஒரே தூசு மூட்டையிலிருந்து இரண்டும் பிரிந்தன என்பதே இதற்கு நேரடியான பொருள். மோதலில் சிதறிய துளி எங்கோ கிடந்த தூசோடு கலந்திருந்தால் கணக்கு இப்படிச் சரியாக வந்திருக்காது. இந்தப் பொருத்தத்தை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

ஒரே காரணத்தைத் தேடுவதே சிக்கல் என்று எனக்குப் படுகிறது. பெரும்பாலானவற்றுக்கு அதிர்ச்சி அலை, ஒரு பகுதிக்கு மோதல் என்பதுதான் இன்றைய சான்றுகளோடு அதிகம் ஒத்துப்போகிறது. எதுவானாலும் பின்னணி ஒன்றுதான்: சிறுகோள்களும் வியாழனும் வளர்ந்துகொண்டிருந்த நெரிசலான வட்டு.

மின்னல், சூரியனுக்கு அருகே உருகுதல் என்றெல்லாம் சொல்வார்களே?

மின்னல் ஒரு நொடியில் அடங்கிவிடும், மணிக்கணக்கில் ஆறியதை விளக்காது. சூரியனுக்கு மிக அருகில் உருகி வெளியே வீசப்பட்டன என்ற கருத்தைப் பலவீனப்படுத்தியது 2014-இல் ரோஜர் ஃபூ, பெஞ்சமின் வைஸ் ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வு. செமர்கோனா காண்ட்ரூல்களின் ஆலிவினுக்குள் சிக்கிய நுண்ணிய இரும்புத் துகள்கள், ஆறியபோது இருந்த காந்தப்புலத்தைப் பதிவுசெய்து வைத்திருந்தன. அளவு சுமார் 54 மைக்ரோடெஸ்லா, இன்றைய பூமியின் பரப்பில் இருக்கும் புலத்தின் அளவுதான். சூரியனை ஒட்டிய பகுதியில் புலம் இதைவிட நன்றாக வலுவாக இருந்திருக்கும். அதிர்ச்சி அலைக்கும் மோதலுக்கும் இந்த எண் ஒத்துவருகிறது.

மோதலில் உருவானதாக உறுதியாகச் சொல்லக்கூடிய காண்ட்ரூல் ஏதாவது உண்டா?

1984-இல் நைஜீரியாவில் விழுந்த குஜ்பா. அது சிபி வகை. அதன் காண்ட்ரூல்களின் வயது சுமார் 456.2 கோடி ஆண்டுகள், குறுணைகளுக்கு ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டுகள் பிந்தியது. வட்டின் தூசு பெரும்பாலும் தீர்ந்துபோன காலம் அது. படிகங்களும் சட்டென்று ஆறியதைக் காட்டுகின்றன, உலோக உருண்டைகள் ஆவியிலிருந்து படிந்தவை. இரண்டு பெரிய கோள்கருக்கள் மோதிக் கிளம்பிய ஆவி-எரிகுழம்பு மேகத்தில் பிறந்தவை இவை என்பதில் பரவலான உடன்பாடு இருக்கிறது.

தாய்ச் சிறுகோளுக்குள் போன பிறகு காண்ட்ரூலுக்கு என்ன ஆனது?

1967-இல் வான் ஷ்மஸ், வுட் இருவரும் வகுத்த எண் வரிசை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வகை 3 என்றால் அதிகம் மாறாதது, காண்ட்ரூல் பளிச்சென்று தெரியும். 4, 5, 6 என்று போகப்போக வெந்தது அதிகம். வகை 6-இல் வெப்பம் 900 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். கண்ணாடி படிகமாகி, ஓரங்கள் மங்கி, உருண்டை எங்கே முடிகிறது என்றே தெரியாது. எதிர்ப்பக்கம் 2, 1 என்று போனால் நீரின் வேலை. சிறுகோளில் இருந்த பனி உருகி, ஆலிவினைக் களிமண் கனிமமாக்கியது. 2017 ஜூனில் ராஜஸ்தானில் விழுந்த முகுந்த்புரா அப்படிப்பட்ட கல்.

வெப்பம் தந்தது மறுபடியும் அலுமினியம்-26. சிறுகோளின் நடுப்பகுதி அதிகம் வெந்து மெதுவாக ஆறியது, மேலோடு லேசாக வெந்து சீக்கிரம் ஆறியது. சாதாரண காண்ட்ரைட்டுகளில் எச், எல், எல்எல் என்று மூன்று வகைகள் உண்டு. அவற்றில் எச் வகைக் கற்களின் ஆறிய வேகங்கள் இதற்கு ஓரளவு பொருந்துகின்றன. ஆனால் பிந்தைய மோதல்கள் உடைத்துக் கலக்கிவிட்டதால் எல்லாக் கற்களும் இந்த ஒழுங்கில் அடங்குவதில்லை.

எந்தச் சிறுகோள்களிலிருந்து வந்தன என்று தெரியுமா?

எல்எல் வகைக்கு நேரடிச் சான்று இருக்கிறது. ஜப்பானின் ஹயபூசா 2005-இல் இட்டோகாவா சிறுகோளில் இறங்கி, 2010 ஜூன் 13-இல் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவந்தது. அந்தத் துகள்கள் எல்எல் காண்ட்ரைட்டோடு பொருந்தின. எல் வகையின் தாய்ச் சிறுகோள் சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் உடைந்து சிதறியது. அப்போது பூமியில் கொட்டிய கற்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஸ்வீடனின் தோர்ஸ்பெரி சுண்ணாம்புக் குவாரியில் புதைபடிவமாகக் கிடைத்திருக்கின்றன.

வால்மீன்களில்?

இருக்கிறது! வைல்டு-2 வால்மீனின் தூசை ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2006 ஜனவரியில் கொண்டுவந்தது. பனி சூழ்ந்த தொலைதூரத்தில் உருவான அந்த வால்மீனில் காண்ட்ரூல் துண்டுகள் இருந்தன. உட்பகுதியில் உருகியவை வெளியே போயினவா, வெளியேயும் உருக்கம் நடந்ததா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. ஹயபூசா-2 கொண்டுவந்த ரியுகு சிறுகோள் மண்ணிலும் காண்ட்ரூல் போன்ற மிகச் சிறிய துணுக்குகளைப் பார்த்திருக்கிறார்கள்.

பூமியின் பாறைகளில் ஏன் இல்லை?

பூமி உருகி, இரும்பு உள்ளே போய், மேலே பாறை தனியாகிவிட்டது. உள்ளே வந்த காண்ட்ரூல் எதுவும் மிஞ்சியிருக்க வழியில்லை.

இந்தியாவில் விழுந்தவற்றில் குறிப்பிடத்தக்கவை?

மேலே திரும்பத் திரும்ப வந்த செமர்கோனா 1940 அக்டோபரில் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் விழுந்தது. எடை 691 கிராம்தான். ஆனால் வகை 3.00, அதாவது வெப்பம் மிகக் குறைவாகத் தொட்ட எல்எல் காண்ட்ரைட். காண்ட்ரூல் ஆய்வில் இதன் பெயர் வராத ஆண்டே கிடையாது.

தமிழ்நாட்டிலும் ஒன்று உண்டு. 1857 பிப்ரவரி 28-இல் அன்றைய மதுரை மாவட்டத்தில் விழுந்தது, பட்டியல்களில் அதன் பெயர் பார்னல்லி. மொத்தம் 77 கிலோவுக்கு மேல். அதுவும் எல்எல் வகை, எண் 3.6, காண்ட்ரூல்கள் நன்றாகப் பிழைத்திருக்கும் கல். உலகின் பல அருங்காட்சியகங்களில் அதன் துண்டுகள் இருக்கின்றன. நம் பாடப்புத்தகங்களில் அதற்கு ஒரு பத்தியாவது கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

என்னிடம் ஒரு கல் இருக்கிறது. விண்கல்லா என்று எப்படிப் பார்ப்பது?

வெளியே மெல்லிய கருந்தோல் இருக்கிறதா பாருங்கள். அளவுக்கு மீறிக் கனக்கிறதா, காந்தம் ஒட்டுகிறதா என்று சோதியுங்கள். ஆனால் காந்தத்தை அடிக்கடி தேய்க்காதீர்கள். காண்ட்ரூல்கள் பதிவுசெய்து வைத்திருக்கும் பழைய காந்தப்புலம் அதில் அழிந்துவிடும். ஏற்கெனவே உடைந்த முகம் இருந்தால் லென்ஸில் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் உருண்டைகளும் நடுநடுவே உலோகப் பொட்டுகளும் தெரிந்தால் நல்ல அறிகுறி. உள்ளே குமிழித் துளைகள் நிறைய இருந்தால் பெரும்பாலும் எரிமலைப் பாறையாகவோ உலைக் கசடாகவோ இருக்கும். இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. கல்லைக் கழுவாமல், சுத்தமான உறையில் போட்டு, கிடைத்த இடத்தையும் தேதியையும் எழுதி அவர்களிடம் தெரிவியுங்கள். மழையில் நனைவதற்குள் எடுத்த கல்லுக்கு ஆய்வு மதிப்பு பல மடங்கு கூடுதல்.